நான்கு ஸ்பேடுக்குப் பின் ஒரு பாஸ்

அன்று அந்த மாடி அறையில் இருந்தவர்கள்:

தர்மலிங்கம். பண்டார் பாரு பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கிளப்பின் செயலாளர். ஆட்டத்தில் சண்டை வந்தால் அவர் சொல்வதுதான் முடிவு.

ஜைனல், பாசார் சந்தைக்கு எதிரே உணவுக்கடை வைத்திருப்பவர். அவர் மனைவி ஹபீஸா. இருவரும் ஒரு ஜோடி. கடையை மகன் தலையில் கட்டிவிட்டு வந்தால் சாயங்காலம் வரை நகர மாட்டார்கள்.

ரூபினி, இடைநிலைப்பள்ளியில் கணக்கு ஆசிரியை.

லோகேஸ்வரன், ரூபினியின் ஆட்ட ஜோடி. அவளோடு ஒரே வகுப்பில் கணக்குப் படித்தவன். அவள் பட்டம் வாங்கினாள். அவன் பாதியில் விட்டுவிட்டு, சுங்கைப் பட்டாணியில் சிப் செய்யும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்டுக்குப் போனான். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம் "முடியல, விட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

வேறு யாரும் இல்லை.

அறை திகாம் பத்து ஊரில் ஒரு டயர் கடைக்கு மேலே. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தாலும் ரப்பர் வாடை மட்டும் படியேறி வந்து உட்கார்ந்துகொள்ளும். காசு வைக்காமல் யாராவது சீட்டு ஆடுவார்களா என்று பக்கத்துக் கடைக்காரர்களுக்கு இன்றுவரை சந்தேகம். அன்று வைத்திருந்தது காசு இல்லை, அலோர் ஸ்டார் நகரத்துப் போட்டிக்கான பயணம். ஜெயிக்கும் ஜோடி கிளப் சார்பில் அங்கே போய் ஆடலாம். ரூபினி அதற்காக வருடம் முழுக்கக் காத்திருந்தாள்.

லோகேஸ்வரனுக்கு அலோர் ஸ்டார் ஒரு பொருட்டே இல்லை. அவன் பயமெல்லாம் இந்த மேசையில் தன் நாற்காலி போய்விடுமோ என்பதுதான். தொழிற்சாலையில் தலை முதல் கால் வரை வெள்ளை உடை. கண் மட்டும்தான் வெளியே தெரியும். இயந்திரம் நின்றால் ஒழிய யாரும் பேசுவதில்லை. பகலில் வாடகை அறையில் ஜன்னலுக்கு அட்டை ஒட்டித் தூங்குவான். அவன் என்ன நினைக்கிறான் என்று இன்னொரு மனிதர் காத்திருந்து பார்க்கும் இடம் வாரத்தில் இந்த ஒன்றுதான். அது போன மாதமே கையை விட்டுப் போயிருக்க வேண்டியது.

பிரிட்ஜில் எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. கையில் இருப்பதை வாயால் சொல்லக் கூடாது. எத்தனை பிடி எடுப்போம், எந்த இனம் துருப்பு என்பதை அட்டை எடுத்து வைத்துத்தான் ஏலம் கேட்க வேண்டும். அட்டையில் உள்ள எண்ணோடு ஆறைக் கூட்டினால் பிடிக் கணக்கு. அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூட்டாளி அட்டை வைக்கத் தயங்கினால், அந்தத் தயக்கத்தைப் பார்க்காதவன் போல ஆட வேண்டும். தயக்கம் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடும். அந்தச் சேதி உனக்கு உரியதல்ல.

போன மாதம் ரூபினி நெடுநேரம் யோசித்து ஏலத்தைக் கீழே நிறுத்தினாள். லோகேஸ்வரன் அதற்கு மேல் ஏறி ஸ்லாம் கேட்டான். ஸ்லாம் என்றால் பதின்மூன்றில் பன்னிரண்டு பிடி. எடுத்தும் விட்டான். ஜைனல் உடனே தர்மலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"இந்தப் பிள்ளை மூச்சு விடாம யோசிச்சுச்சு. அத பாத்துத்தான் தம்பி ஏறுனாரு."

"நான் அவ பக்கமே பாக்கல. யோசிச்சாளா இல்லையான்னே எனக்குத் தெரியாது" என்றான் லோகேஸ்வரன்.

ரூபினி குறுக்கே வந்தாள். "அங்கிள், எங்களுக்குள்ள அந்த மாதிரி வேல கிடையாது. அவன நம்பலன்னா என்னையாச்சும் நம்புங்க."

தர்மலிங்கம் அவளை நம்பித்தான் விட்டார். போகும்போது மட்டும் லோகேஸ்வரனைத் தனியே நிறுத்தினார். "இனி யார்கிட்டேருந்து ஒரு புகார் வந்தாலும் சரி, இந்தப் படி ஏறாத."

அதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறான். காலையில் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை.

ஆட்டம் கடைசிச் சுற்று வரை இழுத்துக்கொண்டு போனது. இரண்டு ஜோடிக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை.

"அலோர் ஸ்டார் போனா வீட்டுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும் தம்பி?" என்றார் ஜைனல், சீட்டைப் போட்டுக்கொண்டே.

"மொதல்ல போங்க. அப்புறம் வாங்கலாம்."

"உங்க மூஞ்சிய பாத்தா இங்கேயே படுத்துருவீங்க போல. ஹபீஸா, தம்பிக்கு ஒரு தலகாணி குடு."

"நீங்க சீட்ட ஒழுங்கா போடுங்க" என்றாள் ஹபீஸா. "ஒன்னு கீழ விழுது பாருங்க."

லோகேஸ்வரன் தன் சீட்டுகளை எடுத்து விரித்தான். தூக்கம் போய்விட்டது.

ஸ்பேடில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, கூட இரண்டு சின்னது. டைமண்டில் ஏஸ், ராஜா, ஜாக்கி, பத்து, இன்னும் இரண்டு. கிளப் ஒன்றே ஒன்று. ஹார்ட் கிடையவே கிடையாது. இப்படிப்பட்ட கை சமனாக இருக்காது. இரண்டு இனத்தில் மலை, மற்ற இரண்டில் பள்ளம். எதிராளி ஹார்ட் ஏஸை வைத்தாலும் துருப்பால் வெட்டலாம். கூட்டாளியிடம் ஸ்பேட் கொஞ்சம் இருந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். கிளப்பில் ஒரு பிடி போகும். டைமண்ட் ராணி எதிராளி கையில் முரண்டு பிடித்தால் இன்னொன்று போகலாம், அவ்வளவுதான். இந்தக் கையோடு ஆறு ஸ்பேட், அதாவது ஸ்லாம், கேட்காமல் எழுந்து போகிறவன் சீட்டையே தொடக் கூடாது.

இரண்டு கிளப் அட்டையை வைத்தான். கை மிகப் பலமானது என்பதற்கு அது அடையாளம்; கிளப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ரூபினி இரண்டு டைமண்ட் வைத்தாள்: சொல்லு, கேட்கிறேன். அவன் இரண்டு ஸ்பேட் வைத்தான்.

பிறகு அவள் கை ஏல அட்டைப் பெட்டி வரை போய் நின்றுவிட்டது.

மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்றது. அவன் பார்வையைச் சீட்டிலேயே வைத்திருந்தான். பார்க்காமல் இருந்தால் என்ன, காது இருக்கிறதே. டக். டக். ஜைனல் நாற்காலியில் அசைந்தார். ஹபீஸா தொண்டையைச் செருமினாள். டக். கடைசியில் ரூபினி நான்கு ஸ்பேட் வைத்தாள்.

அதற்கு அவர்களுக்குள் அர்த்தம் தெளிவு: ஸ்பேட் இருக்கிறது, ஏஸும் ராஜாவும் ஒன்றுகூட இல்லை, இதோடு நிறுத்து. ஆனால் ஒன்றுமில்லாத கோசோங் கையை வைத்துக்கொண்டு யார் இவ்வளவு நேரம் யோசிப்பார்கள்? ஏதோ இருக்கிறது. ஒருவேளை அந்த டைமண்ட் ராணி.

ஆறு ஸ்பேட் அட்டை அவன் விரல் நுனியில் இருந்தது. வைத்தால் ஜைனல் கூப்பிடுவார். கூப்பிடுவதற்காகவே அசைந்து உட்கார்ந்திருக்கிறார். இதே நாற்காலி, இதே புகார். இந்த முறை யார் பேச்சும் எடுபடாது. தர்மலிங்கம் கதவைக் காட்டுவார். நிறுத்தினால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. நிறுத்துகிறவனை எதற்கென்று துரத்துவது? டைமண்ட் ராணி கையில் இல்லைதானே, அதனால் நிறுத்தினேன் என்று ஒரு காரணத்தையும் தயார் செய்துகொண்டான். நல்ல காரணம் இல்லை. அந்த நேரத்துக்குப் போதுமானதாகத் தெரிந்தது.

பாஸ் அட்டையை எடுத்து வைத்தான்.

ஜைனலின் புருவம் உயர்ந்து இறங்கியது. அவரும் பாஸ் வைக்க, ஏலம் நான்கு ஸ்பேடில் முடிந்தது. ஜைனல் கிளப் ஏஸை இறக்கினார். முறைப்படி ரூபினி தன் சீட்டுகளை மேசையில் விரித்தாள். ஸ்பேட் நான்கு. ஏஸ் இல்லை, ராஜா இல்லை. டைமண்ட் ராணி இருந்தது.

கிளப்பில் அந்த ஒரு பிடிதான் போனது. ஜைனல் கிளப்பையே மறுபடி இறக்க, லோகேஸ்வரன் வெட்டினான். துருப்பை இழுத்தான். டைமண்ட் வரிசையாக ஓடியது. பன்னிரண்டு பிடி. கேட்டது பத்து, ஸ்லாம் கேட்காதவனுக்கு ஸ்லாமின் மதிப்பு கிடையாது. ஹபீஸா கூட்டிப் பார்த்துவிட்டுக் கணவனிடம் மெதுவாகத் தலையாட்டினாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஜைனல். "தம்பி, உங்களுக்கு அலோர் ஸ்டார்லேருந்து ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிட்டு வரேன்."

யாரும் சிரிக்கவில்லை. ரூபினி அவன் எடுத்த பிடிகளைத் திருப்பி வைத்து, ஸ்பேடையும் டைமண்டையும் பிரித்து அடுக்கினாள். அவன் கை முழுதாக மேசை மேல் தெரிந்தது. தர்மலிங்கமும் எழுந்து வந்து பார்த்தார்.

"இத வச்சுக்கிட்டா பாஸ் பண்ண?" என்றாள்.

"டைமண்ட் ராணி இல்லையே."

"என் ஃபார்ம் ஒன் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட போய் சொல்லு. தூங்கிட்டியா?"

"இல்ல."

"பின்ன என்னடா? சொல்லித் தொலையேன்."

அவன் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் தோற்றுப்போனவளுக்கு முன்னால், தான் நியாயமாகத்தான் நடந்தேன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது.

"நீ யோசிச்ச."

"எப்ப?"

"நாலு ஸ்பேட் வைக்கிறதுக்கு முன்ன. ரொம்ப நேரம். நான் ஏறியிருந்தா மறுபடியும் பிரச்சினை. அதான் சட்டப்படி நிறுத்துனேன்."

தர்மலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "சட்டம் உன்னை மடையன் மாதிரி ஆடச் சொல்லல. கூட்டாளி தயக்கத்த வச்சு முடிவு எடுக்காதேன்னுதான் சொல்லுது. இந்தக் கைக்கு வேற வழியே கிடையாது. ஆறு கேட்டிருந்தா, ஜைனல் கூப்பிட்டாலும் நானே உன் பக்கம் பேசியிருப்பேன்."

"நானும் கூப்பிட்டிருக்க மாட்டேன் லா" என்றார் ஜைனல், இப்போது விளையாட்டில்லாமல். "கைய பாத்தப்புறம் யாரு கூப்பிடுவா?"

ரூபினி அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை.

"போன மாசம் நீ என்ன சொன்ன?" என்றாள். "அவ பக்கமே பாக்கல, யோசிச்சாளான்னே தெரியாதுன்னு சொன்ன. நான் உனக்காக வாய் விட்டேன்."

"அது வேற."

"எது வேற? இன்னிக்கும் நீ பாக்கல. ஆனா ரொம்ப நேரம்னு தெரியுது. எப்பவுமே தெரியும்தானே?"

அவன் மேசை மேல் கிடந்த தன் சீட்டுகளையே பார்த்தான். மின்விசிறி 'டக்' என்றது.

"நான் எதுக்கு கைய நிறுத்துனேன்னு தெரியுமா? உன் கண்ணு சொருகிக்கிட்டு போச்சு. இன்னிக்காச்சும் தூங்கிட்டு வந்தானா, இல்ல இப்படியே விழப் போறானான்னு பாத்தேன். சீட்ட நான் நினைக்கவே இல்ல." அவள் குரல் ஏறவில்லை. வகுப்பில் ஒரு கணக்கை இரண்டாம் முறை போட்டுக் காட்டுவது போலத்தான் சொன்னாள். "நீ அதுலேயும் ராணியத்தான் தேடியிருக்க."

"ரூபினி, விடும்மா" என்றாள் ஹபீஸா.

"எப்படிக்கா விடறது? இவன் பாஸ் வச்சது நான் சேதி அனுப்பறவள்னு சொன்ன மாதிரிதான். என்னையும் சேத்துத்தான் இவன் திருடியாக்கிட்டான்." தர்மலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "அங்கிள், யார்கிட்டேருந்து ஒரு புகார் வந்தாலும்னு இவன்கிட்ட சொன்னீங்களாமே. நான் குடுக்கறேன்."

தன் பக்கத்திலிருந்தே அது வரும் என்று லோகேஸ்வரன் கணக்குப் போடவே இல்லை. தர்மலிங்கத்தைப் பார்த்தான். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிக்காமல் பேசினார்.

"போய்ட்டு வா தம்பி" என்றவர், உடனே திருத்திக்கொண்டார். "கெளம்பு."

அவன் எழுந்தான். மேசையில் இன்னும் அவன் கை விரிந்து கிடந்தது. யாரும் அதைக் கலைக்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்தான். ரூபினிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றான். மன்னிப்பு கேட்பதா, இல்லை போன மாதமும் ஸ்லாம் கேட்பதற்கு எனக்குக் கை இருந்தது என்று சொல்வதா? இரண்டில் எது உண்மை என்று அவனுக்கே பிடிபடவில்லை. அவள் தயங்கியிருக்காவிட்டால் அன்று ஏறியிருப்பானா? தெரியாது. இனி அதைத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

"வழியில கண்ண மூடாதீங்க தம்பி" என்றார் ஜைனல்.

அவன் வாசலைத் தாண்டினான். முதல் படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தபோது, தர்மலிங்கம் அவன் நாற்காலியில் உட்கார்ந்து அதை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டிருந்தார். ஜைனல் சீட்டைக் குலுக்கத் தொடங்கியிருந்தார். ரூபினி எழுந்து வந்தாள். ஒரு கணம் அவன் தன்னிடம்தான் வருகிறாள் என்று நினைத்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, மாங்காய்ப் பூட்டை மாட்டி அழுத்தினாள்.