பாதி பாட்டில்

நான் வேலை செய்யும் வீட்டுக்கார அக்கா நிறையப் படித்தவள், பெரிய ஆபீஸில் அதிகாரி. அவள் கையால் கொடுத்த மருந்து தப்பாகப் போகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும், தன் மகளுக்கு இரண்டே நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது, மிச்சம் சும்மா கிடக்கிறது என்று ஃப்ரிட்ஜிலிருந்து பாதி பாட்டிலை எடுத்து நீட்டினாள். வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அரை நாள் போய்விடும். அரை நாள் லீவு கேட்டால் இதே அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அவள் மகளுக்கு எட்டு வயது, என் மகளுக்கு மூன்று. மூடியில் ஒரு கோடு குறைத்து ஊற்றினால் கணக்கு சரியாகிவிடும் என்று நானே டாக்டராகிவிட்டேன். மூன்று வேளை கொடுத்தேன். காலையில் சட்டையைக் கழற்றினால் வயிறெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருந்தது. உதடும் வீங்கியிருந்தது. பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் நின்றவளை டாக்டரம்மா வாங்கு வாங்கென்று வாங்கினார். அவளும் சீட்டு இல்லாமல் கடையில் மருந்து வாங்கிக் கொடுத்தவள்தான். அதனால் என்னிடம் ஏதாவது மருந்து கொடுத்தாயா என்று கேட்டபோது, இல்லையென்று தலையாட்டிவிட்டேன். பெற்றவள் செய்கிற காரியமா அது?

நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, ஊசி போட வேண்டும் என்றார். நர்ஸ் மருந்தை ஊசிக்குள் ஏற்றினாள். டாக்டரம்மா தடிப்பைத் தடவிப் பார்த்து மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. ஒத்துக்காத பிள்ளைக்கு இந்த ஊசியப் போட்டா மூச்சே நின்னுடும்."

பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தேன். லேபிளைப் படித்தவர் நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினார். ஊசியில் இருந்ததும் அதே வகை மருந்துதானாம். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

வேறு ஊசி போட்டு, சாயங்காலம்வரை இங்கேயே இருக்கச் சொன்னார். பிள்ளையின் நெஞ்சில் கைவைத்து, அது ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அக்காவின் போன் வந்தது.

"அந்த மருந்து மிச்சம் இருக்கா? பாப்பாவுக்குத் திரும்பவும் காய்ச்சல். வரும்போது எடுத்துட்டு வா."

"இருக்குக்கா. ஆனா தரமாட்டேன். பாப்பாவ இங்க கூட்டிட்டு வாங்க, வரிசையில இடம் பிடிச்சு வைக்கிறேன்."