கண்ணாடியண்ணன் முடுக்கிய திருகு

செல்ஃப் நன்றாகத்தான் அடித்தது. லாரியின் என்ஜின் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கத்தான் மாட்டேன் என்றது. பின்னால் தக்காளிக் கூடைகள் அடுக்கிக் கயிறு கட்டியாகிவிட்டது. லாரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் சாவியைத் திருகினார்.

"விடுங்க, விடுங்க, பேட்டரியும் போயிடும்" என்று கையைத் தூக்கினார் கண்ணாடியண்ணன்.

மெக்கானிக்குக்கு லாரி ஸ்டாண்டில் அந்தப் பேர்தான். சோடாபுட்டிக் கண்ணாடி. போன மாதம் ஒரு கண்ணில் ஆபரேஷன் வேறு ஆகியிருந்தது. "அண்ணே, நீங்க கழட்டுறது டயர் இல்ல, என் காலு" என்று டிரைவர்கள் கிண்டலடித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கேபின் கதவருகே நின்ற லாரிக்காரரின் மச்சினன் மட்டும் டீசல் ஃபில்டர் இருந்த பக்கம் பார்க்காமல் நின்றான்.

முந்தின நாள் காலையில் கண்ணாடியண்ணன் இந்த லாரிக்குப் புது டீசல் ஃபில்டர் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மதியம் மாமா கண் அசந்ததும், வண்டியைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, வீடு மாறும் ஒரு நண்பனுக்குக் கட்டில் பீரோ ஏற்றி இறக்க இவன் லாரியை ஓட்டிக்கொண்டு போனான். திரும்பும் வழியில் டீசல் தீர்ந்து நடுரோட்டில் நின்றுவிட்டது. கேனில் வாங்கி ஊற்றினான். டேங்க் காலியானால் குழாயில் காற்று புகுந்துகொள்ளும், அதை வெளியேற்றினால்தான் என்ஜின் பிடிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஃபில்டரின் தலையிலிருந்த சின்னத் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தான். வண்டி கிளம்பிய சந்தோஷத்தில் திருகை மறுபடி இறுக்கினானா, விரலால் சுற்றி விட்டுவிட்டானா, அவனுக்கே ஞாபகம் இல்லை. டேங்கை நிரப்பிப் பழைய இடத்தில் நிறுத்திவிட்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போய்விட்டான்.

கண்ணாடியண்ணன் சைலன்சர் பக்கம் போய் நின்றார். "இப்ப ஒரு தடவை அடிங்க." என்ஜின் சுற்றியது. குழாயிலிருந்து துளிப் புகை இல்லை.

"புகை வந்தா டீசல் உள்ள போகுதுன்னு அர்த்தம். இங்க போகவே இல்ல." டேங்கைத் திறந்து பார்த்தார். நிறைய இருந்தது. இவன் பக்கம் திரும்பினார். "தம்பி, நேத்து நான் போனப்புறம் வண்டி எங்கயாச்சும் போச்சா?"

"கழுவத்தான் எடுத்துட்டுப் போனேன்ணே."

"வழியில எங்கயும் நிக்கலையே?"

மாமா பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லண்ணே. நல்லாத்தான் ஓடுச்சு" என்றான். அந்த ஒரு வார்த்தையைத் திருப்பி வாங்க அவனுக்கு அப்போதும் நேரம் இருந்தது. கூடைக் கயிற்றைச் சரிபார்ப்பதுபோலப் பின்பக்கம் நகர்ந்தான்.

கண்ணாடியண்ணன் ஃபில்டரைத் தடவினார். விரல் அந்தத் திருகில் பட்டதும் அது தானாகச் சுழன்றது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன?" என்றார் மாமா.

"திருகு லூசா இருக்கு. ராத்திரி பூரா காத்து வாங்கியிருக்கு."

"நேத்து அதுல கை வச்சது யாரு?"

"நான்தான்."

இத்தனை வருஷம் அண்ணே என்று கூப்பிட்ட வாய் அன்று 'யோவ்' என்றது. "யோவ், கண்ணு தெரியலைன்னா வீட்டுல படுக்க வேண்டியதுதானே? என் லோடு அழுகிப்போனா நீயா பதில் சொல்லுவ?" ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. எப்போதும் கிண்டலடிக்கிற டிரைவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"முடுக்கினதாத்தான் ஞாபகம்..." என்று இழுத்தவர், "என் தப்புதான்" என்று முடித்துவிட்டார். காற்றை எடுத்து, திருகை இறுக்கினார். என்ஜின் உறுமிப் பிடித்தது. அவர் யார் முகத்தையும் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

தக்காளி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. விஷயம் இத்தோடு முடிந்தது என்று மச்சினன் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. "என்னடா, கோழி மாதிரி கொறிக்கிற?" என்று அக்கா கேட்டாள். பசியில்லை என்றான்.

அடுத்த வாரம் பள்ளிக்கூட பஸ் ஒன்றின் அடியில் கண்ணாடியண்ணனின் கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற பஸ் டிரைவர் சிரித்தார். "ஒண்ணும் ரிப்பேர் இல்லப்பா. போன மாசம் பிரேக் பாத்தாராம். சரியா முடுக்கினேனான்னு சந்தேகமாம். கைவச்ச வண்டி ஒண்ணு விடாம தேடிப் போறாரு. இப்பல்லாம் புதுசா வேலையும் எடுக்கலையாம்."

அதற்கு மேல் அவனால் அங்கே நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை. அவர் வெளியே வரும்வரை காத்திருந்து, சைக்கிளை மறித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நான் முடுக்கித்தான் இருந்தேனா?"

"ஆமாண்ணே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ தளத்துறப்ப அது இறுக்கமா இருந்துச்சா?"

"ஸ்பேனர் போட்டுத்தான் தளத்தினேன். மன்னிச்சிடுங்கண்ணே."

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அப்புறம்தான் கோபம் வந்தது. "படுபாவி! குழந்தைங்க போற பஸ்ஸுடா இது. எங்கயோ கவுந்து கிடக்குறதா கனவு கண்டு எந்திரிச்சு உக்காந்திருக்கேன். என்கிட்ட வந்து முணுமுணுக்காத. அவரு ஸ்டாண்டுல வச்சுப் பேசினாரு. நீயும் அங்கயே போய்ச் சொல்லு."

மறுநாள் எல்லா டிரைவர்களும் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொன்னான். டீசல் தீர்ந்ததிலிருந்து திருகு வரை ஒன்றையும் மறைக்கவில்லை. மாமா அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் தேவலை. அவர் கையை நீட்டி லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். "நீ பண்ணினது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் அந்த மனுஷனை யோவ்னு கூப்பிட்டுட்டேனேடா" என்று சொல்லிவிட்டு, வெயிலென்றும் பாராமல் கண்ணாடியண்ணனின் பட்டறைக்கு நடந்தார்.

அங்கே என்ன பேசினார்கள் என்பது இவனுக்குத் தெரியாது. கண்ணாடியண்ணன் மறுபடி வேலைக்கு வர ஆரம்பித்தார். ஸ்டாண்டில் பழையபடி கிண்டல் நடந்தது, அவரும் சிரித்தார். மாமாவின் லாரிக்கு ஆயில் மாற்ற வந்த அன்று நட்டை முடுக்கினார். கை வைத்துப் பார்த்தார். எழுந்து போனவர் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு ஸ்பேனரை அவனிடம் நீட்டினார்.

"தம்பி, கோச்சுக்காத. நீயும் ஒரு தடவை பாத்துச் சொல்லு."

அவன் குனிந்து ஸ்பேனரைப் போட்டான். நட்டு இம்மியும் அசையவில்லை. "இறுக்கமாத்தான் இருக்குண்ணே" என்றான். தலையை மட்டும் அவனால் நிமிர்த்த முடியவில்லை.