ஈரச் சுவரோடு ஒரு பேரம்

கட்டிய மனைவி வீடு திரும்ப விலை நூற்றெண்பது ரூபாய். ஒரு கிலோ கிரவுட் பாக்கெட்டின் மேல் அப்படித்தான் அச்சடித்திருந்தது. துணிக்கடைக்காரர் அதை நூற்றைம்பதுக்குக் கேட்டார். கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். குளியலறையில் ஷவருக்குக் கீழே டைல்ஸ் இடுக்குகளில் பூசியிருந்த கிரவுட் சிமெண்ட் பொலபொலவென்று உதிர்ந்துபோயிருந்தது. அந்த வழியாக இறங்கிய தண்ணீர், சுவருக்கு மறுபக்கம் படுக்கையறை அலமாரியை நனைத்து, மனைவியின் புடவைகளில் பூஞ்சை பூக்க வைத்தது. இரண்டு வருஷமாக மனைவி சொல்லும்போதெல்லாம் துணிக்கடைக்காரர் "பாக்கலாம்" என்றே சொல்லிவந்தார். அவசரம் காட்டினால் விலை ஏறிவிடும் என்பது கடையில் கற்ற பாடம். போன வாரம் மனைவி பூஞ்சை பிடிக்காத நாலு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

"ஒழுக்கு நின்னதும் சொல்லுங்க, வர்றேன்."

ஐந்து நாள் தன் சமையலைத் தானே சாப்பிட்டதில் துணிக்கடைக்காரரின் வைராக்கியம் கரைந்தது.

டைல்ஸ் மேஸ்திரி வந்தார். விரல் முட்டியால் டைல்களைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு கூலி சொன்னார். துணிக்கடைக்காரர் வழக்கம்போல் பாதி சொன்னார். மேஸ்திரி பையைத் தோளில் மாட்டிப் பாதிப் படி இறங்கிவிட்டார். சொன்ன கூலிக்கே கூப்பிட வேண்டியதாயிற்று. பைசா குறையாமல் ஒரு காரியம் முடிந்தது துணிக்கடைக்காரரை நாள் முழுக்க உறுத்தியது.

மேஸ்திரி கறுத்த பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்தார். புதுக் கலவையை ரப்பர் கட்டையால் இடுக்குகளில் அழுத்தி, ஈரப் பஞ்சால் வழித்துவிட்டார். மாலை ஆறு மணிக்குக் கை கழுவினார்.

"இருபத்து நாலு மணி நேரம் சொட்டுத் தண்ணி படக்கூடாது மொதலாளி."

ஓர் எண் காதில் விழுந்ததும் துணிக்கடைக்காரருக்கு உயிர் வந்தது.

"முடிவா சொல்லுங்க மேஸ்திரி."

"முடிவாத்தான் சொன்னேன்."

"நாங்க ஒரு துணிக்கு நாநூறு சொன்னா இருநூத்தம்பதுக்குக் குடுப்போம். நீங்களும் கொஞ்சம் ஏத்தித்தானே சொல்லியிருப்பீங்க?"

"நான் ஏத்துவேங்க. சிமெண்டுக்கு ஏத்தத் தெரியாது."

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். பன்னெண்டு."

மேஸ்திரி பையை மாட்டிக்கொண்டு சுவரைக் காட்டினார். "அதுகிட்டயே பேசிக்கோங்க."

சுவர் மறுப்புச் சொல்லவில்லை. பேரம் படிந்ததாகத் துணிக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். உடனே மனைவிக்குப் போன் போட்டு, "வேலை முடிஞ்சிது, காலைல வந்துரு" என்றார்.

காலை ஆறு மணி. வருகிறவள் முன்னால் பளிச்சென்று நிற்க வேண்டாமா? ஷவரை முழுசாகத் திறந்து, வெந்நீரில் ஆனந்தமாகக் குளித்தார். இரண்டாம் முறை சோப்புப் போடும்போது குனிந்து பார்த்தார். காலடியில் பால் ஓடிக்கொண்டிருந்தது. சோப்பு நுரை என்று மனதைத் தேற்றிக்கொண்டு இடுக்கில் விரல் வைத்தார். விரல் உள்ளே போனது.

துண்டோடு உட்கார்ந்து, வழிந்த கலவையை ஸ்பூனால் இடுக்கில் திரும்ப அப்பிக்கொண்டிருந்தபோது வாசலில் பை வைக்கும் சத்தம் கேட்டது. மனைவி குளியலறைக் கதவில் வந்து நின்றார். சுவரைப் பார்த்தார். ஸ்பூனைப் பார்த்தார்.

"மேஸ்திரி எத்தனை மணி நேரம் சொன்னாரு?"

"இருபத்து நாலு."

"நீங்க எத்தனைக்கு முடிச்சீங்க?"

"பன்னெண்டு," என்றார். குரலில் லேசான பெருமை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மனைவி பையைத் திரும்ப எடுத்தார். துணிக்கடைக்காரர் ஸ்பூனோடு எழுந்து நின்றார். பை வாசல் பக்கம் போகவில்லை, படுக்கையறைக்குப் போனது.

"அக்கா வீட்லயே இருந்திருப்பேன். ஆனா உங்களத் தனியா விட்டா இந்தச் சுவரு ஜென்மத்துக்கும் காயாது."

மேஸ்திரி மறுபடி வந்து, மறுபடி சுரண்டி, மறுபடி பூசினார். மேஸ்திரி கெடு சொல்ல வாயைத் திறக்கும் முன்பே மனைவி குளியலறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். துணிக்கடைக்காரர் அடுத்த வீட்டில் வாளி கடன் வாங்கி, கொல்லைக் குழாயடியில் குளித்தார்.

ஆக, பேரத்தில் மிச்சம்: பன்னிரண்டு மணி நேரம். செலவு: இரண்டாம் கூலி, இன்னொரு பாக்கெட், ஒரு ஸ்பூன். மனைவிக்குப் பாக்கி: இரண்டு வருஷத்துப் "பாக்கலாம்". அதில் தள்ளுபடி கிடையாதாம்.