மஞ்சா வச்ச வேட்டி

தீபாவளி வந்தா துறைமுகத்துல மூட்டை தூக்கறவன் எல்லாம் மேஸ்திரிக்கு ஒரு புது வேட்டி வைக்கணும். வைக்காதவனுக்கு அப்புறம் வேலை கெடைக்காது. வேட்டியையும் டோல்கேட்டாண்ட கீற அவரு மச்சான் கடையிலதான் வாங்கணும்.

போன வருசம் நான் வாங்கின வேட்டி ஓரத்துல வெளக்கெண்ணெ கொட்டிடுச்சு. அப்படியே மடிச்சு என் வூட்டுக்காரர்கிட்ட குடுத்தனுப்பினேன். இந்த வருசம் கடைக்குப் போனா, மச்சான் எடுத்துப் போட்ட புது வேட்டியில அதே எடத்துல அதே எண்ணெக்கறை கீது.

அதையே வாங்கிகினு வந்தேன். எங்க சந்துல வூடு வூடா போயி, மேஸ்திரிக்குன்னு வாங்கி வச்ச ஒவ்வொரு வேட்டி மூலையிலயும் அழுத்தி மஞ்சா வச்சேன். புதுத்துணிக்கு மஞ்சா வைக்கறத யாரு தப்பு சொல்ல முடியும்? மஞ்சா வச்ச துணிய புதுசுன்னு எவன் விக்க முடியும்?

தீபாவளியன்னிக்கு ஆம்பளைங்களோட நாங்களும் போனோம். மேஸ்திரி பின்னால மச்சான் காலி கோணியோட நின்னுகினு இருந்தான். ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்த மேஸ்திரி மூஞ்சி செத்துப்போச்சு.

"இன்னாமே கெங்கம்மா இது?"

"நீங்க நல்லா இருக்கணும்னு வச்சது மேஸ்திரி. தெனம் ஒண்ணு கட்டிகினு வாங்க. நாளைக்கு எங்க வூட்டு வேட்டி. நானே வந்து பாப்பேன்."