ஹாவிஸ் விட்ட பெயர்கள்

பாதிரியாரான ஹாமண்ட் ஆறு ஆண்டுகளாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்த மத்தேயு நற்செய்தியை வேதம் லத்தீனில்தான் இருக்க வேண்டும் என்ற ஆயரின் ஆட்கள் தெருவில் போட்டு எரித்துவிட்டார்கள். மறுநாள் காலையில் அவனுடைய அக்கா ஹாவிஸ் கம்பளி நூற்றுக்கொண்டே, "இறகுப் பேனாவை எடு, நான் சொல்றேன்" என்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் தம்பி தினமும் வாசித்துக் காட்டியது முழுவதும் மனப்பாடம்.

"முதல்ல வர்ற பேர் வரிசையை விட்டுடு அக்கா. லத்தீனைப் பார்த்து எழுதிக்கறேன்."

"நம்ம வாசலுக்கு வர்றவனையே யார் மகன்னு கேட்டுத்தான் உள்ளே விடுவேன். ஆண்டவரோட முன்னோரைச் சொல்லாம ஆரம்பிக்கிறதா?"

நிமிர்ந்து உட்கார்ந்து, ஆபிரகாமிலிருந்து தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டு போனாள். சல்மோனின் மகன் போவாஸ் என்றதும் ஹாமண்ட் எழுதுவதை நிறுத்தினான்.

"போவாஸைப் பெத்த ராகாபை விட்டுட்டியே. மாமனாருக்கே பிள்ளை பெத்த தாமாரையும் காணோம். மறந்துட்டியா?"

"மறப்பேனா? ராகாப் விலைமகள். எந்தக் குடும்பத்துலதான் இப்படி ஒருத்தி இல்லை? அதை ஊருக்கே படிச்சுக் காட்டணுமா? ஆண்டவர் வீட்டு மானத்தைக் காப்பாத்தினா, அதுக்கும் கோவிச்சுக்கறே."

"அவரே மறைக்கலையே, அக்கா. நாமதான் அமிஸ் பேரைக்கூட எடுக்கறதில்லை."

அமிஸ் அவர்களுடைய கடைசித் தங்கை. ஒரு கூத்தாடியோடு கவென்ட்ரிக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. ஹாவிஸ் நூற்பதை நிறுத்திவிட்டாள்.

"தாமார், ராகாப்," என்றாள் கடைசியில். "எழுது. கவென்ட்ரி சந்தைக்கு யாராவது போனா, அவளை ஈஸ்டருக்கு வரச் சொல்லு. அந்தக் கூத்தாடியும் வரட்டும். ஆனா என் வீட்டுல பாட்டு கீட்டு பாடக் கூடாது."