இடது கையில் தொடங்கியவர்கள்

மகளை மண்ணில் வைத்துவிட்டு வந்த பிறகு எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. வீடு என்றால் ஒரே அறை. அதற்குள்தான் அடுப்பு, கட்டில், அவளுடைய பள்ளிக்கூடப் பை எல்லாம். நான் கிடங்கில் மாவு மூட்டை இறக்குகிறவன். மனைவி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். வேலை முடிந்து வந்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். ஒருநாள் அவள் பரணிலிருந்த பெட்டியை இறக்கித் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

"அக்கா ஊருக்குப் போறேங்க. அங்கயும் இஸ்திரி வேலை இருக்காம்."

"அப்ப நான்?"

"உங்கள ஒண்ணும் சொல்லல. இந்த ரூம்ல எனக்கு மூச்சு முட்டுது."

அவளை எப்படி நிறுத்துவது என்று யோசித்தபோது மகள் பார்க்கும் வீடியோதான் ஞாபகத்துக்கு வந்தது. காய்ச்சலில் விழுவதற்கு முன் அவள் என் கைப்பேசியில் அதையே போட்டுப் போட்டுப் பார்ப்பாள். பிலிப்பைன்ஸ் நாட்டுக் கம்புச் சண்டை. ஒருவர் நம்மைப் பார்த்து நின்றுகொண்டு, இரண்டு கையிலும் குட்டைக் கம்பு வைத்து, பாய் முடைவதுபோலக் குறுக்கும் நெடுக்குமாக வீசிக் காட்டுவார். இவள் எதிரே நின்று இரண்டு கரண்டிகளால் அதையே செய்வாள். "அப்பா, கம்பு செஞ்சு குடுப்பா" என்று உயிரை வாங்கினாள்.

மறுநாள் கிடங்கில் கழித்துப்போட்ட நீளத் துடைப்பங்களின் மரப்பிடிகளை அறுத்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து, நான்கு கம்புகளாகக் கொண்டுவந்தேன்.

"என்னது?"

"பாப்பா கேட்டது."

அவள் பெட்டியைப் பரணுக்கு ஏற்றச் சொல்லிவிட்டு இரண்டை எடுத்துக்கொண்டாள். இந்தக் கம்புகள் முட்டிக்கொண்டிருக்கும்வரை அவள் போகமாட்டாள் என்று நான் நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்துப் படித்தோம். முதலில் மேலே ஒரு வீச்சு, பிறகு கீழே, பிறகு கை மாற்றி மறுபடி மேலே. என் கம்பும் அவள் கம்பும் நடுவில் டக்கென்று சேர வேண்டும்.

"கம்பப் பாக்காதீங்க. என் மூஞ்சியப் பாருங்க."

"அதப் பாத்தாதான் பயமா இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன்னையே நொந்துகொண்டதுபோல உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கீழ்வீட்டுத் தையற்காரர் படிக்கட்டில் என்னை மடக்கினார். "என்னண்ணே, டக்கு டக்குன்னு தினமும் ஒரே சத்தம்? அண்ணி மொத்துறாங்களா?"

"முறை போட்டு மொத்திக்கிறோம் தம்பி."

"குடுத்து வச்சவரு. என் வீட்டுல என் முறை வர்றதே இல்ல."

சலவைக்கூடத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் இதையே ஆடுகிறார்கள் என்று தெரிந்து இருவரும் போனோம். சொல்லிக்கொடுத்த பெண் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள்.

"அக்கா, ரெண்டு பேருமே இடது கைக்காரங்களா?"

"இல்லையே."

"பின்ன ஏன் இடதுல ஆரம்பிக்கிறீங்க? ஓ, வீடியோ பாத்துக் கத்துக்கிட்டீங்களா! எதிர்ல நிக்கிறவரோட வலது கை உங்க இடது கைக்கு நேரா இருக்கும்ல. கண்ணாடியப் பாத்த மாதிரி அப்படியே புடிச்சுக்கிட்டீங்க."

எல்லாரும் சிரித்தார்கள், நாங்களும்தான். ஆனால் அங்கே யாருடைய கம்பும் என் கம்போடு சேரவில்லை. மனைவியின் கம்பு மட்டுமே சேர்ந்தது. இரண்டு பேரும் ஒரே தப்பைக் கற்றிருந்தோம்.

அவள் வலதுக்கு மாற்றிக்கொண்டாள். ஞாயிறு தவறாமல் போனாள். அங்கே அவளுக்குச் சிநேகிதிகள் கிடைத்தார்கள். வீட்டில் அவள் வலதில் தொடங்க, நான் இடதில் தொடங்க, இரண்டும் ஒரே பக்கம் வந்து விரலைப் பதம் பார்த்தன.

"மாத்திக்கங்களேன்."

"வரமாட்டேங்குதே. பேனாவயே நாப்பதுக்கு மேலதான் புடிச்சேன். புடிச்சது தப்புன்னாங்க. அதயே இன்னும் மாத்த முடியல."

"சாக்கு சொல்லாதீங்க."

கம்புகளைக் கீழே வைத்தேன். "பாப்பாவும் இடதுலதான ஆரம்பிப்பா. கரண்டிய வச்சுக்கிட்டு."

"தெரியும்" என்றாள். தன் கம்புகளையும் கீழே வைத்துவிட்டு, "உங்க எதிர்ல நின்னு இடதுல ஆரம்பிச்சா அவ கைதாங்க தெரியுது. அதனாலதான் மாத்திக்கிட்டேன்" என்றாள்.

அவள் அக்கா ஊருக்கே போகட்டும் என்று தோன்றியது. பெட்டியை நானே இறக்கிக் கொடுத்தேன்.

புறப்படும் காலையில், செருப்பு மாட்டப் போனவள் திரும்பி வந்து கம்புகளை எடுத்தாள். "ஒரு தடவ பழையபடி ஆடலாம். இடதுல."

மேலே ஒன்று சேர்ந்தது. கீழே ஒன்று சேர்ந்தது. கை மாற்றியும் சேர்ந்தது. அடுத்த சுற்றை இடதில் தொடங்க வேண்டிய இடத்தில் அவள் வலது கை தானாகவே முந்திக்கொண்டு வந்துவிட்டது. என் விரல் முட்டியில் விழுந்தது அடி.

"ஐயோ, மறந்துபோச்சுங்க! என் கைக்கு மறந்துபோச்சு..." என்று கம்பைப் போட்டுவிட்டு என் விரலைப் பிடித்து ஊதினாள். மகள் போனபின் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் முறை. ஊதிக்கொண்டே அழுதாள். வாசலில் ஆட்டோக்காரர் ஒலியெழுப்பியபோது கையை விட்டாள்.

அவளை ஏற்றி அனுப்பிவிட்டு மாடியேறும்போது தையற்காரர் எட்டிப்பார்த்தார். வீங்கிய என் விரல் அவர் கண்ணில் பட்டது.

"என்னண்ணே, இன்னைக்கு அண்ணி நெசமாவே போட்டுட்டாங்களா?"

"ஆமா தம்பி" என்றேன். "இன்னைக்கு அவ முறை."