விற்கும் கல், வாங்கும் கல்

கார்காலம் தன் கடைசி முகில்களை மெல்ல மடித்து வைத்துக்கொண்டிருந்தது. கூரைகள் சொட்டுவதை நிறுத்தியிருந்தன. நிறுத்தியதை அவையே நம்பவில்லை. ஈரக்காற்று நோன்பிருப்பவரைப் போல ஓசையின்றித் தெருவைக் கடந்தது. உலகம் கண்மூடி அமர்ந்திருக்கும் இப்பருவத்தில்தான் மோட்டார் சைக்கிள் கழகம் இளையோர் பந்தயங்களை நடத்தும். இரைச்சலுக்கு வேறு நல்ல வேளை அதற்கு வாய்த்ததில்லை.

வீட்டார் பஞ்சு என்றழைத்த பெண்ணுக்குப் பதினாறு வயது, பெயருக்கேற்ற உடம்பு. பைக்கும் ஓட்டுபவரும் சேர்ந்து குறித்த எடைக்குக் குறையலாகாது என்பது பந்தய விதி. குறைந்தால் வண்டியில் கனம் ஏற்றியாக வேண்டும். மற்ற பிள்ளைகள் ஈயத்தகடு பொருத்தினார்கள். பஞ்சுவின் தாய்மாமாவோ காய்கறிக் கடைக்காரர்.

"கடை நிறைய எடைக்கல் கிடக்கு. ஈயத்துக்கு எங்க போறது?" என்று தம் கற்களையே மெக்கானிக்கிடம் கொடுத்து இருக்கைக்கு அடியில் கட்டச் சொன்னார்.

கழகத்தின் எடைமேடை நெடுநாளாகப் பழுது. அதிகாரி கற்களின் மேல் பொறித்த எண்களைப் படித்துக் கூட்டிக்கொண்டு தலையசைப்பார். பஞ்சு தொடக்கநிலையில் வென்றாள், இடைநிலையிலும் வென்றாள். நிலை உயர உயர விதி கேட்கும் எடையும் உயர்ந்தது. கடையில் கற்கள் குறைந்தன. மாமா முட்டைக்கோசை வைத்து உருளைக்கிழங்கையும், உருளைக்கிழங்கை வைத்து முட்டைக்கோசையும் நிறுத்தார். விந்தை என்னவென்றால், அந்நாட்களில்தான் வாங்குவோர் பை சற்றுக் கனத்தது.

மேல்நிலைக்குச் செல்லும் பந்தயம் வந்தது. முதல் மூவருக்கே இடம். அன்று பார்த்து எடைமேடையும் பழுது நீங்கி வந்திருந்தது.

"ரெண்டு கிலோ கம்மி," என்றார் அதிகாரி.

"மேடை தப்பா இருக்கும் சார்," என்றார் மெக்கானிக்.

"நானே ஏறிப் பார்த்துட்டேன்ப்பா. என் வீட்டுக்காரி திட்டுற எடையைத்தான் காட்டுது."

கற்களைக் கழற்றித் தனியே வைத்தார்கள். ஐந்து கிலோக் கல், நான்கரைக்கு மேல் நகர மறுத்தது. கவிழ்த்தால், அடியில் நேர்த்தியாகக் குடைந்த பள்ளம்.

அதிகாரி குரலைத் தாழ்த்தவில்லை. "பந்தயத்துக்காகக் குடைஞ்சிருந்தா இந்தப் பொண்ணு இனி வண்டியே ஓட்ட முடியாது. வேற காரணம்னா சொல்லுங்க. கனத்தைச் சரி பண்ணிட்டு ஓட்டட்டும்."

வேலிக்கு அப்பால் பாதித் தெருவும் நின்றது. அவ்வளவு பேரும் மாமாவின் வாடிக்கையாளர்கள்.

"அண்ணா, வாயைத் திறங்க," என்றாள் பஞ்சுவின் தாய்.

மாமா தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். "பந்தயத்துக்காக இல்லைங்க. அது... விக்கிற கல்லு."

"அப்போ வாங்குற கல்லுன்னு தனியா இருக்கா?"

"தோட்டத்துல சரக்கெடுக்கப் போற வேன்ல இருக்கு." தொழிற்பெருமை அவரையும் மீறியது. "அதுல கம்மிங்கிற பேச்சே வராதுங்க!"

"அடப்பாவி அண்ணே! இத்தனை வருஷம் எங்க வெங்காயத்தைத் தின்னது இந்தப் பள்ளமா?" என்று வேலியைப் பற்றிக்கொண்டு கூவினார் தையற்காரம்மா. சிரிப்பு அலையலையாக எழுந்தது.

பஞ்சு சிரிக்கவில்லை. "அப்போ இதுவரைக்கும் ஜெயிச்சது யாரு மாமா? நானா, உங்க கல்லா?"

மாமா வேனுக்கு ஓடி, வாங்கும் கற்களைச் சுமந்து வந்தார். இங்கே ஐந்து கிலோ, ஐந்தரையாகக் கொழுத்திருந்தது. எல்லாவற்றையும் கட்டியபின் விதிக்கு மேல் இரண்டு கிலோ ஏறியது.

"கொஞ்சம் எடுத்துடலாம்மா," என்றார் அதிகாரி.

"வேணாம் சார். இருக்கட்டும்."

கொடி விழுந்தது. முன்பு பறந்தவள் அன்று உழுதாள். வளைவுதோறும் வண்டி வெளியே இழுத்தது; அவள் உள்ளே இழுத்தாள். கடைசி வளைவில் நான்காவதாக இருந்தவள், முடிவுக்கோட்டைத் தொடுகையில் ஒரு சக்கர அகலம் முந்தி மூன்றாவதானாள்.

இறங்கியதும் மாமாவிடம் வந்தாள். "இது நான்தான் மாமா."

அவர் தலையாட்டினார். கூட்டம் கலைந்தபின் ஈரமண்ணில் மண்டியிட்டு, முன்சக்கரத்தின் சேற்றைத் தோள்துண்டால் துடைத்தார். விரல்களைக் கண்ணில் ஒற்றிக் கைகூப்பினார். எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை.

தையற்காரம்மா அவரைத் தாண்டிப் போய்ப் பஞ்சுவின் வியர்த்த தலையில் கை வைத்தார்.

"போற வழியெல்லாம் உனக்கு நேராகட்டும் கண்ணு. விழுந்தாலும் மண்ணு உன்னை மெத்தையா தாங்கட்டும். நல்லா இரு."